புது போர்ச்சும் புது மருமகளும்

கழிவறையில் ஊற்றிய தண்ணீர் இறங்கவில்லை, மேலே ஏறியது. மலேசியாவின் தங்காக்கில் சொந்த நிலத்தில் வீடு கட்டி வாழும் குணாளன், வாளியும் கையுமாக அதையே பார்த்துக்கொண்டு நின்றார். முந்தாநாள் அடைத்தது, நேற்று நன்றாகப் போனது, இன்று மறுபடியும் இப்படி. மழை பெய்தால் மோசம், விட்டால் கொஞ்சம் தேவலை. அவருக்கு ஒன்றுமே புரியவில்லை.

அவர் மனைவி யோகேஸ்வரிக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“இத்தன வருசமா இந்த வீட்ல ஒரு அடைப்பு உண்டா? அவ வந்த பிறகுதானே இந்தக் கூத்து! என்னத்தையோ உள்ள போடுறா. பொம்பள சமாச்சாரம், நான் எப்படி வாயால சொல்றது?”

வாயால் சொல்ல முடியாததைத் தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். மருமகள் பிரேமலா கல்யாணமாகி வந்து சில மாதம்தான் ஆகிறது. கணவன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். வாரக் கடைசியில்தான் வருவான்.

“நான் எதையும் போடல அத்தை. தாள்ல சுத்திக் குப்பையிலதான் போடுறேன்” என்றாள் அவள்.

யார் கேட்டார்கள்? பக்கத்து வீட்டுச் சதாசிவம் வேலியோரம் விசாரித்தபோது குணாளனும், “மருமக புதுசு லா, பழக்கம் தெரியல” என்று சொல்லிவைத்தார். அதற்குப் பிறகு பிரேமலா அவசரத்துக்குக்கூடப் பெட்ரோல் நிலையத்துக்கு நடந்தாள். புகுந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? பெக்கோக்கில் இருக்கும் அம்மா வீட்டுக்கே போய்விடுவதென்று துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டாள்.

அன்றுதான் கழிவுத் தொட்டியை உறிஞ்சும் லோரி வந்தது. லோரிக்காரர் மணியம் மூடியைத் திறந்தார். யோகேஸ்வரி மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவள் தேடியது எதுவும் உள்ளே இல்லை. வெறும் சேறுதான், விளிம்பு வரை.

“கடைசியா எப்பண்ணே உறிஞ்சினீங்க?” என்று கேட்டார் மணியம்.

“உறிஞ்சணுமா?” என்றார் குணாளன். “வீடு கட்டினதுல இருந்து தொறந்ததே இல்லையே.”

“அலமாக்! சரி, தொட்டித் தண்ணி மண்ணுல ஊறுறதுக்கு ஓட்டைக் குழாய் பொதைச்சிருப்பாங்களே, அது எங்க?”

குணாளன் திரும்பி வீட்டு முன்புறத்தைப் பார்த்தார். வீடு கட்டியபோது அங்கேதான் ஏதோ குழாய் பதித்தார்கள். மேலே புல்தரை இருந்தது, மகன் கல்யாணம் வரை. கல்யாணத்துக்கு வரும் கார்கள் நிற்கட்டுமென்று அதன்மேல் சிமெண்டு லோரியை ஏற்றி, கார் நிறுத்தும் போர்ச் போட்டவர் அவரே.

“சேறு போயி குழாய அடைச்சிருக்கும், லோரி ஏறி நசுக்கியிருக்கும்” என்றார் மணியம். “தண்ணிக்குப் போக வழியில்ல, வீட்டுக்குள்ளதான் திரும்பி வரும். பின்பக்கம் புதுசா பொதைக்கணும்ணே. அதுமேல காரு, சிமெண்டு எதுவும் கூடாது. தொட்டியையும் அப்பப்ப உறிஞ்சணும்.”

வீட்டுக்குப் புதிதாக வந்தவை இரண்டு. மருமகளைச் சந்தேகப்பட்டார்கள்; போர்ச்சை யாருமே சந்தேகப்படவில்லை.

பெட்டியோடு வாசலில் நின்ற பிரேமலாவிடம் குணாளன் போனார். “தப்பு என்னோடதும்மா. மன்னிச்சிரு.”

“எங்கிட்ட மெதுவா சொல்றீங்க மாமா. பழி சொன்னப்ப தெருவுக்கே கேட்டுச்சே?”

குணாளனுக்கு முகம் சிறுத்துப் போனது. நேராக வேலியோரம் போய்க் குரலை உயர்த்தினார்.

“சதாசிவம்! எங்க மருமக மேல ஒரு தப்பும் இல்ல லா. தொட்டியக் கவனிக்காம விட்டது நான், குழாய் மேல சிமெண்டு போட்டது நான். என் வீட்டு மண்ணுக்கு அடியில என்ன இருக்குன்னே எனக்குத் தெரியல. தெரியாதுன்னு ஒத்துக்காம, வந்த பொண்ணு மேல பழியப் போட்டுட்டோம்!”

யோகேஸ்வரி மருமகள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு கணவரை விடச் சத்தமாகத் தெருவைப் பார்த்துச் சொன்னாள்:

“உங்க வீட்ல அடைச்சா மொதல்ல தொட்டியத் தொறந்து பாருங்க. என்னைய மாதிரி வாயத் தொறக்காதீங்க!”