பயறு வெந்த தண்ணீர்

இரண்டு பீடி பிடிக்கிற நேரத்தில் பயறு வெந்துவிட்டது. பெண்ணின் அப்பா தூதாராம் ஒன்றை எடுத்து விரலால் நசுக்கி, மாவாகப் பரவியதை எல்லோருக்கும் காட்டினார். முற்றத்துத் தலைப்பாகைகள் ஒன்றாக ஆடின. ராஜஸ்தானில், பார்மேர் பக்கத்தில் எங்கள் ஆட்கள் சம்பந்தம் பேசப் போகும்போது தங்கள் வீட்டுப் பாசிப்பயறைத் துணியில் முடிந்து எடுத்துப் போவார்கள். மாப்பிள்ளை வீட்டுத் தண்ணீரில் அது வேகவேண்டும். வேகாவிட்டால் தண்ணீர் உவர், பெண் கிடையாது. மாப்பிள்ளை குடிப்பானா, அடிப்பானா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. அதுவும் யாராவது கேட்டால்.

"தண்ணியா இது? நெய்யி!" என்றார் தூதாராம். "கையில வழுக்குது பாருங்க."

வழுக்கத்தான் செய்யும். சலவைச் சோடாவும் வழுக்கும்.

நான் அந்த மாப்பிள்ளை வீட்டுக்கு மருமகன். என் மனைவி ஜம்கு இறந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. பிரசவத்துக்கு ஜோத்பூர் போகிற வழியில், ஜீப்பில். அதற்குப் பிறகும் எனக்குத் தனிக் கட்டில், திண்டு, நெய் மிதக்கும் கம்பு ரொட்டி. மருமகனைப் 'பாவ்ணா' என்று, விருந்தாளி என்று அழைக்கிற ஊர். மகள் போனாலும் விருந்து நிற்காது. வைத்ததைச் சாப்பிட்டேன். ருசி எதுவும் தெரிவதில்லை இப்போதெல்லாம்.

அன்று என்னை வரவழைத்தது என் வேலைக்காக. அரசு மண், நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். சபையில் 'நல்ல தண்ணீர்' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் மாமனார் பின்யாராமுக்குப் போதும். பழைய கிணற்றின் உவரால் மச்சினன் ஹுக்மாவுக்கு வந்த சம்பந்தங்கள் எல்லாம் பயறு வேகாமல் திரும்பிப் போயிருந்தன. புது ஆழ்குழாய்க் கிணறு போட்டதே பாதி அவன் கல்யாணத்துக்காக.

அந்தத் தண்ணீரை நானே சோதித்திருக்கிறேன். உப்பு குறைவுதான். சோடியமும் கார்பனேட்டும் மிதமிஞ்சி இருக்கின்றன. பயறை வேகவைக்கிற அதே சோடா மண்ணைப் பசையாக்கி இறுக்கிவிடும். தலைமுறை தலைமுறையாக உவரை மட்டுமே திட்டிப் பழகியவர்களுக்கு, தண்ணீரில் வேறு வகைக் கேடும் உண்டு என்று தோன்றவே இல்லை. நாக்குக்கு இதமானது வேருக்கும் இதம். அவ்வளவுதான் அவர்கள் விவசாயம்.

ஹுக்மா டீ கொடுக்கிற சாக்கில் குனிந்தான். "ஜீஜா, கொஞ்ச நேரம் வாய மூடிட்டு இருங்க. புண்ணியமாப் போகும்."

"வயல்ல சீரகப் பயிரு மஞ்சளாப் போனத நீ பாத்தேல்ல?"

"நான் பாத்தேன். அவங்க பாக்கலியே."

அவன் சிரித்தான். புதுச் சட்டை போட்டிருந்தான், காலரில் அட்டையைக்கூட எடுக்காமல்.

"சர்க்கார் பாவ்ணா என்ன சொல்றாரு?" என்று தூதாராம் என் பக்கம் திரும்பினார்.

"பயறுக்கு நல்ல தண்ணி. நெலத்துக்கு ஆகாது. கொஞ்ச வருஷத்துல வயலு சிமெண்டுத் தரையாயிடும். வருஷா வருஷம் ஜிப்சம் மண்ணு போட்டா தப்பிக்கலாம்."

முற்றம் முழுக்கச் சிரிப்பு.

"மண்ணுக்கு மண்ண வெலைக்கு வாங்கிப் போடணுமாம்!" என்றார் மாமனார். மறுபடியும் சிரிப்பு. அது அடங்குவதற்குள் என் பக்கம் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "உங்க வீட்டுத் தண்ணியிலயும் பயறு வெந்துச்சு, பாவ்ணா. அத நம்பித்தான் எம் பொண்ணக் குடுத்தேன்."

வெந்த பயறு ஜம்குவைக் காப்பாற்றவில்லை. என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

வயலைக் காட்ட எல்லோரையும் கூட்டிப் போனார். முந்தின நாள் பாய்ச்சிய பாத்தியில் தண்ணீர் அப்படியே நின்றது. ஊற்றிய தண்ணீர் மணலில் காணாமல் போவதையே வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர் தூதாராம். செருப்பைக் கழற்றிவிட்டு, வரப்பில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"நிக்குதுய்யா! எம் பொண்ணு குடுத்துவெச்சவ."

மாமனார் மீசையைத் தடவிக்கொண்டார். வாயடைத்துப்போன மண்ணைச் செல்வம் என்று கும்பிடுகிறார்கள். இவர்களிடம் பேசி என்ன ஆகப்போகிறது? 'எம் பொண்ணு' என்று தூதாராம் சொல்லாமல் இருந்திருந்தால் திரும்பிப் போயிருப்பேன்.

"பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டேன். அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

"எதுக்கு?" நிஜமாகவே தூதாராமுக்குப் புரியவில்லை.

"சும்மாதான்."

"நேனு."

குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு கட்டியைப் பெயர்த்தேன். "ஜீஜா, வேண்டாம்" என்றான் ஹுக்மா. வரப்புக் கல்லில் தட்டி உடைத்தேன். வெளிப்புறம் கருத்து மினுங்கியது. ஒரு விரற்கடை ஆழத்துக்குக் கீழே, ஒரு நாள் முழுக்கத் தண்ணீருக்கு அடியில் கிடந்த மண், வெளுத்துக் காய்ந்திருந்தது.

தூதாராமின் கையில் வைத்தேன். அவர் அதைப் புரட்டினார். உள்ளிருந்து உலர்ந்த புழுதி உதிர்ந்து பாத்தித் தண்ணீரில் விழுந்து, நனையாமல் மிதந்தது. வெறுங்காலோடு நின்று அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.