சைவப்பூனையின் கீபோர்டு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் அதுவே என் வீட்டுக்கு வந்து அழுதது. வந்தவள் என் தங்கை. லேப்டாப் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் சாப்பாட்டு மேசையில் தலையைச் சாய்த்து விசும்பினாள். இடியே விழுந்தாலும் அசராதவள் அழுதால் அக்காக்காரிக்குப் பதறாதா? பதறினேன். பதறிக்கொண்டே, இதில் ஒரு கதை இருக்கிறது என்றும் நினைத்தேன். எழுதிப் பிழைக்கிற ஜென்மத்துக்கு வெட்கமாவது மானமாவது.

"எழுதிக்கோ. ஆனா யார் பேரும் போடாதே," என்றாள், மூக்கைச் சிந்திக்கொண்டே.

யார் பேரும் போடவில்லை. எங்கே தொடங்குவது என்பதிலேயே இரண்டு நாள் போய்விட்டது.

முதல் தொடக்கம்: 'திரை கறுப்பாக இருந்தது. அதன் மூலையில் ஒரு' (நிறுத்திவிட்டேன். பேய்க்கதை என்று நினைத்து விளக்கைப் போட எழுந்துவிடுவீர்கள்.)

இரண்டாம் தொடக்கம்: 'ஒரு வரி காணாமல் போனதால் ஒரு பெரியவர் மாடிப்படியில் மயங்கி விழுந்தார்.' (இது உண்மை. ஆனால் இதை முதலில் சொன்னால் அவர் என்ன ஆனார் என்ற கவலையிலேயே நிற்பீர்கள். பிழைத்துக்கொண்டார். இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இனி மேலே போகலாமா?)

2

தங்கையின் கம்பெனி ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் செய்து தருகிறது. பரிசோதனை முடிவுகள் வரிசையாகப் போய்ச் சேரும். அபாயமான முடிவு மட்டும் வரிசையில் நிற்காமல் அந்த நிமிஷமே டாக்டரின் போனுக்குப் போக வேண்டும். அங்கே அவள் ஒரு குழுவின் தலைவி. புதிதாக வருகிறவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பழக்குவதும் அவள் பொறுப்பு.

சில மாதங்களுக்கு முன் புதிதாக வந்தவர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். லாரி கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்து, நாற்பதுக்கு மேல் இந்தத் தொழிலுக்குத் தாவியவர். மச்சான் தூக்கிப் போட்ட பழைய கம்ப்யூட்டரில் தானாகவே படித்தார். அந்தக் கிழட்டு மெஷினில் பொத்தானும் வண்ணமும் நிறைந்த எடிட்டர்* எதுவும் ஓடாது. ஓடியது ஒரு கறுப்புத்திரை எடிட்டர்தான். அதில் மவுஸுக்கு வேலையே இல்லை; எல்லாம் விரல். ஆபீஸில் எல்லோரும் வண்ண எடிட்டர் வைத்திருக்க, இவர் மட்டும் அந்தக் கறுப்புத்திரையை விடவில்லை. மவுஸைத் தொடாததால் 'சைவப்பூனை' என்று பெயர் வைத்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டார்.

(*கோட், அதாவது கம்ப்யூட்டர் நிரல், எழுதுகிற பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் எது உசத்தி என்று டெவலப்பர்களிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். சம்பந்தி சண்டை தோற்றுப்போகும்.)

"சார், எல்லாரும் வச்சிருக்கிறதையே நீங்களும் வச்சுக்கலாமே. எனக்குச் சொல்லிக்குடுக்கச் சுலபமா இருக்கும்," என்று முதல் வாரமே கேட்டாள் தங்கை.

"மேடம், நீங்க சொல்லிக்குடுக்கப் போறது கோடா, எடிட்டரா?"

"நீங்க என்ன பண்றீங்கன்னே தெரிய மாட்டேங்குதே. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள மூணு இடம் தாவுறீங்க."

"எனக்கு ஞாபகமெல்லாம் விரல்லதான் மேடம். மெதுவாப் பண்றேன், பாருங்க."

மெதுவாகத்தான் செய்தார். அப்போதும் அவளுக்குப் பிடிபடவில்லை. அந்த எடிட்டரில் எழுத்தைத் தட்டினால் எழுத்து விழாது, கட்டளை விழும். ஒன்றைத் தட்டினால் கீழே இறங்கும், இன்னொன்றை இரண்டு தரம் தட்டினால் ஒரு முழு வரியே போய்விடும். தனக்குத் தெரியாத ஒன்றின் பக்கத்தில் தலைவி என்று உட்கார்ந்திருப்பது அவளுக்கு முள்மேல் இருப்பதுபோல இருந்தது.

அவளுடைய குழுவில் ஒரு சட்டம் உண்டு, அவளே போட்டது. பக்கத்தில் உட்காருகிறவர் அடுத்தவர் கீபோர்டைத் தொடக்கூடாது. சொல்ல வேண்டியதை வாயால் சொல்ல வேண்டும். கை துறுதுறுத்தால் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

3

தங்கை எனக்குச் சொன்னபடி நடந்தது இது:

வெள்ளிக்கிழமை மதியம் சைவப்பூனை ஒரு சின்னத் திருத்தம் செய்தார். செய்யும்போது கை தவறி, அபாய முடிவுகளைத் தனியே பிரிக்கிற வரியை அழித்துவிட்டார். அந்த வரி இல்லாவிட்டாலும் கோட் ஓடும். அதனால் மெஷின் முணுமுணுக்கக்கூட இல்லை. அவர் ஒப்புதலுக்கு அனுப்பினார். பக்கத்திலேயே இருந்தோமே, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று தங்கையும் 'சரி' போட்டாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அபாயங்கள் எல்லாம் சாதாரண முடிவுகளோடு வரிசையில் நின்றன. அதில் ஒன்று அந்தப் பெரியவருடையது.

திங்கட்கிழமை மேலாளர் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டார். சைவப்பூனை ஒரு அடி முன்னால் வந்தார். "என் கைதான் சார். பார்க்காம அனுப்பிட்டேன்."

அவர் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருக்கிறார். வியாழக்கிழமை காலை அவரை வைத்திருப்பதா அனுப்புவதா என்று முடிவு. பழக்கியவள் என்ற முறையில் தங்கையின் வார்த்தைதான் கடைசி வார்த்தை.

நல்ல கதை. ஆனால் எழுதப்போனால் 'கை தவறி' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. விரலில் ஞாபகத்தை வைத்திருக்கிற மனிதருக்கு விரல் எப்படித் தவறும்?

4

புதன்கிழமை, அதாவது இன்று, தங்கை மறுபடி வந்தாள். எழுதினதைப் படித்துக் காட்டினேன்.

"கை எப்படித் தவறிச்சுன்னு சொல்லு. அந்த இடம் ஒட்டவே மாட்டேங்குது."

"திரை உறைஞ்சுபோச்சு. உறைஞ்சிருக்கும்போது தட்டினதெல்லாம் உள்ள சேர்ந்துக்கிட்டே இருக்கும். எழுப்பினதும் மொத்தமா ஓடும். அதுல ஒரு வரி போயிடுச்சு."

"ஏன் உறைஞ்சது?"

"அந்தக் கறுப்புத்திரையில கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அமுக்கினா அப்படியே தூங்கிடும்."

எழுதினேன்: 'அவர் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அமுக்கினார். திரை' 

அதற்குமேல் போகவில்லை. நான் கோட் எழுதுகிறவள் இல்லை; ஆனால் ஒரு பாத்திரம் செய்யாத வேலையைச் செய்ய வைத்தால் எனக்குக் கை கூசும். கன்ட்ரோல் எஸ் என்பது எழுதினதைச் சேமிக்க நாம் அமுக்குவது. அவர் எடிட்டரில் சேமிக்க வேறு வழி. 'சேவ் பண்றதுக்குக்கூட அந்த ஆளுக்கு ஒரு தனி மந்திரம்' என்று இவளே என்னிடம் புலம்பியிருக்கிறாள். அந்த இரண்டு விசையையும் மூச்சு விடுவதுபோல அமுக்குகிற கை ஒன்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் என் கதைகளை எனக்காக டைப் அடித்துத் தரும்போதே வாக்கியத்துக்கு ஒரு தரம் அமுக்கும்.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். அவள் அதை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"கதையை இத்தோட விட்டுடு அக்கா," என்றாள்.

5

(நான் விடவில்லை. கீழே வருவதை அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நடுவில் இரண்டு தரம் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.)

வெள்ளிக்கிழமை மதியம் அவருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது, மகளுக்குக் காய்ச்சல். "ஒரு நிமிஷம் மேடம்" என்று வராந்தாவுக்குப் போனார். தங்கை திரையைப் பார்த்தபடி இருந்தாள். திருத்தம் முடிந்திருந்தது. சேமித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. தெரியவில்லை என்பதே அவளுக்கு எரிச்சல். கை நீண்டது. கன்ட்ரோல், எஸ்.

திரை அசையவில்லை. உயிரோடிருக்கிறதா என்று பார்க்க, நடுவிரலுக்கடியில் இருந்த எழுத்தை டொக் டொக்கென்று இரண்டு தரம் தட்டினாள். அவளுடைய எடிட்டராக இருந்தால் இரண்டு எழுத்து விழுந்திருக்கும், அழித்திருப்பாள். இங்கே ஒன்றும் விழவில்லை. போட்ட சட்டத்தைத் தானே மீறியது அப்போதுதான் உறைத்தது. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் திரும்பி வந்தார். திரையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஏதோ ஒரு விசையை அமுக்கினார், எழுந்துகொண்டது. மகளை அழைத்துப் போகிற அவசரத்தில் இருந்தார். சேமித்தார், அனுப்பினார், பையை எடுத்தார்.

"எந்த வரி போச்சுன்னு திங்கக்கிழமை பார்த்தேன்," என்றாள் தங்கை. "வெள்ளிக்கிழமை கர்சர் நின்ன அதே இடம். மீட்டிங்ல வாயைத் திறக்கத்தான் போனேன். அதுக்குள்ள அவர் 'என் கைதான்'னுட்டார். நான் தண்ணி பாட்டில் மூடியைத் திருகிக்கிட்டே நின்னேன்."

"தூங்கின திரையை எழுப்பத் தெரிஞ்சவருக்கு, எது தூங்க வச்சதுன்னும் தெரிஞ்சிருக்குமேடி."



"தெரிஞ்சிருக்கும்," என்றாள். "அதான் அக்கா என்னால தாங்க முடியல."

6

முடிவு ஒன்று: நாளைக் காலை தங்கை எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறாள். தலைவிப் பதவி போகிறது, ஒருவேளை வேலையும். அவர் நிலைக்கிறார். (படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இழக்கப்போவது நான் இல்லையே. அடுத்தவள் வேலையைத் தியாகம் செய்ய எனக்கென்ன கஷ்டம்?)

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்லாமலே 'அவர் இருக்கட்டும்' என்று பரிந்துரைக்கிறாள். இருவருக்கும் சேதமில்லை. இதை எழுதி முடித்து நானே கிழித்துப்போட்டேன். இதில் அவர் அவளுக்கு நன்றி சொல்வார். அவளும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

மூன்றாவதில் அவரையே பேச வைக்கப் பார்த்தேன். 'மேடம், அன்னைக்கு நீங்க' என்று ஆரம்பித்தார்; அதற்குமேல் வாய் திறக்க மறுத்துவிட்டார். ஏன் பழியைத் தூக்கிக்கொண்டார்? வியாழக்கிழமை அவளுடைய கடைசி வார்த்தை தன் பக்கம் இருக்கட்டும் என்ற கணக்கா? பார்க்காமல் அனுப்பியது தன் தப்பு என்று நிஜமாகவே நம்புகிறாரா? சொன்னாலும் யார் நம்புவார்கள் என்ற பயமா? அவரை நான் பார்த்ததே இல்லை. பயந்தவராக எழுதினால் பயந்தவராக இருக்கிறார், பெரியமனுஷனாக எழுதினால் அதற்கும் இடம் கொடுக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வருகிறது.

7

"நாளைக்கு நேர்ல சொல்ல எனக்கு தைரியம் வராது," என்றாள் தங்கை. "இப்பவே குழுவுக்கு எழுதி அனுப்பிடறேன். நீ எழுதிக் குடேன் அக்கா. உனக்குத்தான் வார்த்தை வரும்."

வரும்தான். அவள் கேட்டு முடிப்பதற்குள் முதல் வாக்கியம் எனக்கு வந்துவிட்டது. குற்றத்தை மறைக்காது, ஆளையும் கொல்லாது. அப்படி ஒரு வாக்கியம். அவளுடைய லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கம் தள்ளினேன். என் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

தட்டினாள்: 'வெள்ளிக்கிழமை மதியம் அவர் இல்லாதபோது' 

நின்றாள். கன்ட்ரோல், எஸ். அழித்தாள்.

தட்டினாள்: 'நான்' 

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கர்சர் மினுக்குகிறது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். அந்த முகத்தில் அழுகை முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த அருமையான வாக்கியம் என் விரல் நுனியில் துடிக்கிறது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களுக்கும் இந்நேரம் ஒரு வாக்கியம் தோன்றியிருக்கும். என்னுடையதைவிட நல்லதாகக்கூட இருக்கலாம். தயவுசெய்து கையை எடுங்கள். அது அவளுடைய கீபோர்டு.