தேருக்கு முந்தின நாள்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஏகாம்பரத்தின் ஓட்டலுக்குச் சாம்பாருக்கென்றே ஆள் வரும். மானாம்பதியிலிருந்துகூடத் தூக்குவாளியோடு வந்து வாங்கிப்போவார்கள். அது பவளத்தின் கைப்பக்குவம் என்பது அடுப்படிக்கு வெளியே யாருக்கும் தெரியாது. பேருக்கு மாஸ்டர் கன்னியப்பன். அவன் காலையிலேயே போதையில் சாய்ந்துவிடுவான். மாவாட்ட வந்த பவளம்தான் ஒன்பது வருஷமாக அவன் வேலையையும் சேர்த்துப் பார்த்தாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் கன்னியப்பன் வேலையை விட்டு நின்றுவிட்டான். பவளம் கல்லாவுக்கு எதிரே போய் நின்றாள்.

"என்னயே மாஸ்டரா போட்டுடு மொதலாளி. இத்தினி நாளும் நான்தானே பண்ணிக்கினு கீறேன்."

ஏகாம்பரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? மாவாட்றவ மாஸ்டர் ஆவணுமாம்! பொம்பள கரண்டி புடிச்சா எவன் வருவான் ஓட்டலுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தந்த தெம்பில் அவர் உள்ளே போய், கொதிக்கிற சாம்பார்க் குண்டானைக் காலால் தள்ளினார். "நீ வெச்சதுன்னா எனக்கு வேணாம். போடி."

பவளத்தின் இரண்டு காலும் வெந்தன. பெருநகர் கிராமத்தில் இருந்த தன் வீட்டில் இருபது நாள் படுத்துக் கிடந்தாள். அழவில்லை. அந்த ஆள் அதே ஜனங்களுக்கு எதிரே கைகட்டி நிற்பதை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துப்பார்த்தாள்.

கால் ஆறியதும், ஓட்டலில் வேலை செய்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். மாவாட்டிய சிட்டம்மாள், காய் நறுக்கிய சுலோச்சனா, எச்சில் தட்டு கழுவிய பாக்கியமேரி. சிட்டம்மாளின் அண்ணனுக்கு ஓட்டலுக்கு நேர் எதிரே ஒரு பழைய கொட்டகை சும்மா கிடந்தது.

"அதுல நாமளே ஓட்டல் போடலாம். நீ மாஸ்டர் வேல கத்துக்கோ, நான் சொல்லித் தரேன்" என்றாள் சிட்டம்மாளிடம். பாக்கியமேரியைப் பார்த்து, "நீ பரிமாறு" என்றாள்.

"நான் எடுத்தாந்தா துன்னுவாங்களாக்கா?"

"துன்றவன் துன்னட்டும். மத்தவன் பட்டினியா போவட்டும்."

"அப்ப நாளைக்கே நின்னுடறோம்" என்றாள் சுலோச்சனா.

"இல்ல. தேர் வரிக்கும் யாராண்டயும் மூச்சு வுடாம அங்கயே வேல செய்ங்க."

ஏகாம்பரம் ஒரு புது மாஸ்டரை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்; சாம்பார் மட்டும் பழையபடி வரவில்லை. தேர்த் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் திரளும். ஏகாம்பரத்துக்கு வருஷத்திலேயே பெரிய வியாபாரம் அன்றைக்குத்தான். முந்தின நாள் சாயங்காலம் மாவாட்ட ஒருத்தியும் போகவில்லை. ஊறப்போட்ட அரிசி ஊறியபடியே கிடந்தது.

விடிந்ததும் கூட்டம் ஓட்டலுக்குள் நுழைந்தது. இட்லி இல்லை, தோசை இல்லை. அப்போது எதிர்க் கொட்டகையிலிருந்து சாம்பார் வாசனை சாலையைக் கடந்து வந்தது. பழகின வாசனை. பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். பாக்கியமேரி இலை போட்டபோது நாலைந்து பேர் முறைத்துக்கொண்டு வெளியேறினார்கள். அந்த இடத்தில் அடுத்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

ஒன்பது மணிக்கு ஏகாம்பரமே வந்தார். "ரெண்டு அண்டா மாவு குடு பவளம். மானம் போவுது."

"இன்னா ஏகாம்பரம், உன் ஓட்டல் சாம்பார் யாரு வெச்சது?"

அவர் சுற்றிலும் பார்த்தார். "நீதான்."

"அங்க குந்திக்கினு கீறவங்களுக்குக் கேக்கல."

"பவளந்தான் வெச்சா! ஒம்பது வருசமா அவதான்!"

சாப்பிடுகிற கைகள் நின்றன. பவளம் அந்த முகத்தை ஆசைதீரப் பார்த்தாள்.

"மாவு இல்ல. போ."

ஆடியில் அவர் ஓட்டலை மூடினார். "புள்ளகுட்டிக்காரன், பாவம்" என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டது பவளத்தின் காதில் விழுந்தது. அவளுக்குப் பாவமாக இல்லை. வெந்த இடத்தில் தோல் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

கார்த்திகையில், சாலவாக்கத்தில் ஓட்டல் திறக்கிற எல்லப்பன் என்பவர் மாஸ்டர் கேட்டு வந்தார். பவளம் சிட்டம்மாளைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"பொம்பளையா?" என்று அவர் இழுத்தார்.

"வேணாம்னா போ. ஆனா வேணாம்னு சொன்னவன் இன்னா ஆனான்னு பஸ் ஸ்டாண்டாண்ட விசாரிச்சிட்டு அப்பால போ."

எல்லப்பன் விசாரிக்கப் போகவில்லை. மத்தியான பஸ்ஸில் சிட்டம்மாளைக் கையோடு அழைத்துப்போனார்.