பங்கேற்பாளர் மூன்று

அறிக்கையில் தன் பெயர் ‘பங்கேற்பாளர் மூன்று’ என்று மாற்றப்பட்ட செவ்வாய்க்கிழமை காலை பத்து ஐந்துக்கு, மலேசியாவின் பத்து பாகாட் ஊர் கிளினிக்கில் தாதி கஸ்தூரி கண்ணுக்குத் தெரியாமல் போனாள். கட்டுப் போடும் அறையில் கத்தரிக்கோல் தானாக வெட்டியது, பஞ்சு தானாக நனைந்தது. நோயாளிகள் வழக்கம்போல் எண் எடுத்துக் காத்திருந்து, முறை வந்ததும் காலை நீட்டினார்கள். வீட்டில் அவள் சத்தம் ஒன்றும் குறையவில்லை என்று மாலையில் அவள் கணவன் கமலநாதன் பக்கத்து வீட்டில் சொன்னான்.

பெயரை மாற்றியவள் பெர்மாஸ் ஜெயா அலுவலகத்தில் அறிக்கை எழுதும் ஸ்டெஃபனி. கிளினிக் ஊழியர்கள் தாங்களே ஆராய்ச்சி செய்ய வாரத்தில் அரை நாள் விடுப்பும் பயிற்சியும் தரும் திட்டம் ஒன்று ஐந்து வருடமாக நடந்துவந்தது. வெளிவந்த கட்டுரையோ ஒன்றே ஒன்று. இழுத்து மூடிவிடலாம் என்று திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும் குழு முணுமுணுக்க, மூன்று பேரின் கதையை விரிவாக எழுதித் திட்டத்தின் பலனைக் காட்டும் பொறுப்பு ஸ்டெஃபனி தலையில் விழுந்தது. உண்மைப் பெயர் போடக் கூடாது என்பது விதி; மீறினால் அறிக்கை திரும்பி வரும், திட்டமும் போய்விடும்.

“மேடம், என்னைய காணோம் லா. நேத்து எங்க வீட்டுக்காரரு சோபாவுல என் மேலயே உக்காந்துட்டாரு,” என்று கஸ்தூரி போன் செய்தாள்.

ஸ்டெஃபனி அறிக்கையைப் புரட்டினாள். வயது நாற்பத்தாறு, பயிற்சி மூன்று, கட்டுரை பூஜ்யம். இதில் மனுஷி எங்கே இருக்கிறாள்? அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாளே பத்து பாகாட்டுக்கு பஸ் ஏறி, குரல் வந்த நாற்காலிக்கு எதிரே நான்கு நாள் உட்கார்ந்து கேட்டு எழுதினாள். தையல் ஃபேக்டரியில் சர்க்கரை நோயுள்ள பெண்களுக்குக் கால் புண் ஏன் ஆறுவதில்லை என்று கஸ்தூரி மண்டியிட்டு மெஷினுக்கு அடியில் பார்த்ததை எழுதியபோது முழங்கால்கள் வந்தன. மெஷினின் மிதிபலகை வழுக்காமல் பிடிபட வேண்டுமென்று அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதிப்பதை அவள் கண்டுபிடித்ததை எழுதியதும் கண்கள் வந்தன. தடித்த காலுறை கேட்டு மேனேஜரோடு மல்லுக்கு நின்று வாங்கிக் கொடுத்ததை எழுதியபோது வாய் வந்தது. அது ஏற்கெனவே வேலையில்தான் இருந்தது. ஆறிய பதினேழு கால்களுக்கும் கடைசிக் கட்டை அவிழ்த்ததை எழுதி முடிக்க, கைகளும் வந்து சேர்ந்தன.

குழுத் தலைவர் இரண்டு தடவை படித்தார். கூட்ட அறையில் மருந்து வாசனை அடித்ததாகக் குறிப்பில் இருக்கிறது. திட்டத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டித்தார்கள்.

கஸ்தூரி முழுசாக வந்துவிட்டாள். சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டை மட்டும் இன்றுவரை வெறுமையாக இருக்கிறது. புதிதாக அடித்துக் கொடுத்தாலும் மதியத்துக்குள் எழுத்து அழிந்துவிடுகிறது. யாராவது கேட்டால், “ரூல்ஸ் அப்படி லா, நீங்க கால நீட்டுங்க,” என்று சொல்லிவிட்டுக் கட்டை அவிழ்க்கிறாள்.