மூன்றாவது சாட்சி

கோழிக்கோட்டுப் பூங்காவின் நடுவே நிற்கும் அந்த மாடி வீட்டை மர வியாபாரி ஒருவர் தன் மனைவிக்காகக் கட்டினாராம். குடும்பம் நொடித்ததும் நகராட்சி எடுத்துக்கொண்டது. பெரியம்மை பரவிய வருஷம் நோயாளிகளை அங்கேதான் அடைத்துவைத்தார்கள். பிறகு வாசகசாலை. இப்போது பதிவுத் திருமண அலுவலகம்.

அங்கே பெருக்கித் துடைப்பவள் கார்த்தியாயினி. மாடிக்குப் போகமாட்டேன் என்று சொல்லித்தான் வேலையில் சேர்ந்தாள். அம்மை கண்ட அவள் புருஷன் அச்சுதனை மாடி அறையில்தான் போட்டிருந்தார்கள். உள்ளே விடாததால் தினமும் மகிழமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பாள். ஜன்னலில் ஒரு கை அசையும். அது அவன் கைதானா, தான் நிற்பது அவனுக்குத் தெரிகிறதா, எதுவும் நிச்சயமில்லை. ஒருநாள் கை அசையவில்லை. உடலைக்கூடக் காட்டாமல் புதைத்துவிட்டார்கள்.

அன்று வர்கீஸும் வத்சலாவும் கல்யாணம் பதிய வந்திருந்தார்கள். மூன்று சாட்சிகள் வேண்டும். வத்சலாவின் அண்ணன்மார் ஜீப்பில் வருவதாகக் கேள்விப்பட்டு மூன்றாமவன் நழுவிவிட்டான்.

படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த வத்சலா, "சேச்சி, நீங்க ஒரு கையெழுத்துப் போடுவீங்களா?" என்றாள்.

"உங்களை எனக்குத் தெரியவே தெரியாதே, மோளே."

"தெரிஞ்சவன்தான் சேச்சி ஓடிப்போனான்," என்றான் வர்கீஸ்.

கார்த்தியாயினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க போடணும்?"

"மாடில, சார் ரூம்ல."

சிரிப்பு அடங்கியது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மாடிப்படியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினாள்.

அறையில் கட்டில் கிடந்த சுவடே இல்லை. மேஜை, நாற்காலிகள், புதுச் சுண்ணாம்பு வாசனை. நேரே ஜன்னலுக்குப் போனாள். மகிழமரத்தடியில் கடலை தின்றுகொண்டிருந்தவரின் சட்டைப் பொத்தான்வரை தெரிந்தது.

"என்னை நல்லாவே பாத்திருக்காரு," என்றாள். யாருக்கும் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

ஜீப் வந்தபோது வாசலில் அவள்தான் நின்றாள். "கல்யாணம் முடிஞ்சாச்சு. சத்தம் போட்டா போலீஸ்தான் வரும்."

இளைய அண்ணன்மார் முறைத்தார்கள். மூத்த அண்ணன் மட்டும் ஜீப்பின் மேல் சாய்ந்துகொண்டு, தணிந்த குரலில் கேட்டான்:

"அவ அழுதாளா சேச்சி?"

"அழுதா. நீங்க வரீங்கன்னு."

அவன் தலைகுனிந்துகொண்டான்.