கண்மண் தெரியாமல்

புதிதாக ஒன்றைக் கற்றுக்காட்ட வேண்டிய பள்ளிக்கூட புராஜெக்டுக்கு அவள் முதலில் சொன்ன இலக்கு, தைரியசாலி ஆவது. டீச்சர் ஒரே வெட்டாக வெட்டிவிட்டார்.

"இப்படிப் பொத்தாம்பொதுவா சொன்னா எப்படி? கத்துக்கிட்டியா இல்லையான்னு பாத்தா தெரியணும். ஊருக்காக வேணாம், உனக்குன்னு என்ன வேணுமோ அதைச் சொல்லு."

வகுப்பில் மற்றதுகள் எல்லாம் கிடார், ரோபோ என்று அள்ளிவிட்டிருந்தன. அவளுக்கு யோசிக்க அதிகம் இல்லை.

"யாராவது கையை ஓங்கினா கண்ணை மூடாம இருக்கக் கத்துக்கணும் டீச்சர்."

டீச்சரின் பார்வை அவள் உதட்டுத் தையலில் போய் நின்றது. "வீட்டுல ஏதாவது..."

"இல்ல டீச்சர். குத்துச்சண்டை. அக்காகிட்ட கத்துக்கப் போறேன்."

பாதி உண்மை. பெரியம்மா மகள் குத்துச்சண்டை போடுகிறவள்தான். மூக்கு எந்நேரமும் வீங்கிச் சிவந்திருப்பதால் வீட்டில் அவளுக்குத் தக்காளி என்றே பெயர். மீதி உண்மை அப்பா. டிங்கரிங் பட்டறையில் நசுங்கிய கார்களை நிமிர்த்துகிறவர். கண் இமைக்காமல் சுத்தியலை இறக்குவார், மயிரிழை பிசகாது. அதே கை வீட்டுக்கு வந்தால் விளக்கைப் போட்டாலும் அடிக்கும், அணைத்தாலும் அடிக்கும். போன மாதம் அம்மாவின் பல் ஒன்று தெறித்து வாசலில் விழுந்தது. "கண்மண் தெரியாம அடிக்கிறான் பாவி" என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். பேசிக்கொள்ள மட்டும் நன்றாகத் தெரியும் அவர்களுக்கு.

தக்காளி தயவுதாட்சண்யம் பார்க்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு முகத்துக்கு நேரே விட்டாள். இவள் கண்ணை மூடினாள்; மூக்கில் விழுந்தது. மறுபடி மூடினாள், தாடையில் விழுந்தது.

"மூடினாத்தான்டி வாங்குவ. பாத்தா விலகலாம்ல?"

சட்டையில் ரத்தம் சொட்டியது. அழுதாள், அக்காவை வாய்க்கு வந்தபடி திட்டினாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்ப வந்து நின்றாள். சில வாரம் இப்படியே போனது. ஒருநாள், குத்து வரும்போது கையுறையில் பிரிந்து தொங்கிய நூல் அவளுக்குத் தெரிந்தது. தலையைச் சாய்த்தாள். காற்று மட்டும் காதை உரசிக்கொண்டு போனது.

ஞாயிறு மதியம் அப்பா அம்மாவின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதிக்கொண்டிருந்தார். என்ன காரணம் என்று கேட்பதையெல்லாம் அந்த வீட்டில் எப்போதோ விட்டாயிற்று. சுவரில் ரத்தம் அப்பியிருந்தது. இவள் நடுவில் புகுந்து அப்பாவின் மணிக்கட்டைக் கடித்தாள். அம்மா நழுவிக் கீழே விழுந்தாள்.

"அவ்வளவு கொழுப்பா உனக்கு?"

கையை ஓங்கினார். அவள் கண்ணை மூடவில்லை. அப்போதுதான் வாழ்க்கையில் முதல்முறையாக, அடிக்க வரும் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்கள் இறுக மூடியிருந்தன. கசப்பு மருந்தை விழுங்கும் குழந்தை மாதிரி முகத்தைச் சுருக்கிக்கொண்டு அடிக்க வந்தார்.

அப்போ பக்கத்து வீட்டில் சொன்ன 'கண்மண் தெரியாம' வெறும் பேச்சில்லை. இத்தனை வருஷமும் நிஜமாகவே பார்க்காமல்தான் அடித்திருக்கிறார், கோழை. பயம் இருந்த இடத்தில் அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டது.

ஓரடி விலகினாள். குத்து அவளுக்குப் பின்னாலிருந்த இரும்பு பீரோவில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. அப்பா அலறிக்கொண்டு மண்டியிட்டார். விரல்கள் திசைக்கொன்றாகத் திரும்பியிருந்தன. வலியில் வெறிகொண்டு எழுந்து இடது கையை ஓங்கினார். மறுபடியும் கண்ணை மூடினார்.

"கண்ணைத் திறப்பா" என்றாள். "அடிக்கிறதுன்னா என்னைப் பாத்து அடி."

அப்பா திறந்தார். மகளின் முகத்தை, உதட்டுத் தையலை, அவளுக்குப் பின்னால் சுவரைப் பிடித்து எழுந்துகொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டு அவரால் அடிக்க முடியவில்லை. ஓங்கிய கை மெல்ல இறங்கி, உடைந்த கையைத் தாங்கிக்கொண்டது.

"தண்ணி குடு" என்றார் அம்மாவிடம்.

அம்மா முகத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். "வாடி, போலாம்" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.