திருப்பி வைத்த ஒலிபெருக்கி

நோயாளி மனைவி மிரானுக்கு அமைதி வேண்டுமென்று சியோலை விட்டு இந்த மலைக்கிராமத்துக்கு வந்தவர் ஹியோன்சிக். வந்த வாரமே, காலை ஆறு மணிக்கு அறிவிப்புச் சொல்லும் ஊர் ஒலிபெருக்கியைத் தன் வீட்டுப் பக்கத்திலிருந்து வேறு பக்கம் திருப்பச் சொன்னார். ஊர்த்தலைவர் கூ மறுக்காமல் ஏணியில் ஏறினார்.

பனி உருகுமுன் இறைவன் மிரானை அழைத்துக்கொண்டார்.

மிளகாய் நடவின்போது ஹியோன்சிக் தலைவரிடம் வந்தார்.

“ஒலிபெருக்கியப் பழையபடி எங்க பக்கம் திருப்பிடுங்க, தலைவரே.”

“காலங்காத்தால என் கட்டைக் குரலைக் கேக்கணுமே, சியோல்காரரே?”

“வீட்ல வேற குரலே இல்லீங்க.”

தலைவர் ஏணியை எடுத்தார்.

மறுநாள் உர மூட்டை வந்த செய்தியைச் சொல்லிவிட்டு ஒலிபெருக்கி சற்றுத் தயங்கியது.

“சியோல்காரரே, எங்க வீட்ல சூப்பு ஆறுது. சீக்கிரம் வாங்க.”

ஊரே கேட்டது. ஹியோன்சிக் அழுதுகொண்டே செருப்பைத் தேடினார்.